கன்ஃபமா, கண்டிப்பாவா?

‘டெஃபினிட்’ என்ற ஆங்கிலச் சொல்லைப் பற்றிப் போன இதழில் ஒரே ஒரு வாசகர்தான் கேட்டிருந்தார். இந்த இதழுக்கு வந்து குவிந்த வாட்ஸ்அப்பில் பாதி அதுதான். பள்ளிக்கூடம், கல்யாணம், கடன், காதல் என்று எங்கே தொடங்கினாலும் அந்தச் சொல்லில் வந்து நிற்கிறார்கள். நடிகர், நடிகை, கிரிக்கெட் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

? ‘டெஃபினிட்’ என்றால் தெளிவான, உறுதியான, திட்டமான, நிச்சயமான என்று அகராதியில் பட்டியல் நீளுகிறது. எதைத்தான் எடுத்துக்கொள்வது? — வாசகி, கிள்ளான்

பட்டியலை மூடிவிட்டு வேரைப் பாருங்கள். லத்தீனில் ‘ஃபீனிஸ்’ என்றால் எல்லை, முடிவு. எல்லை போட்டுவைக்கிற வேலைக்கு அவர்கள் வைத்த பெயரிலிருந்து வந்ததுதான் டெஃபினிட். எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று எதற்குத் தெரிகிறதோ அது டெஃபினிட். தெளிவு, உறுதி, நிச்சயம் எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

தமிழும் இதே இடத்தில்தான் கை வைத்தது. வரை என்றால் எல்லை. எல்லை கட்டினால் வரையறை. மலாயில் ‘ஹாட்’. அரபியிலிருந்து வந்த சொல், அதற்கும் பொருள் எல்லைதான். உங்கள் ஜாலான் தெங்கு கிளானாவில் ஏதாவது ஒரு கடைப் பலகையை நிமிர்ந்து பாருங்கள். பெயருக்குப் பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று இருந்தால், அந்தப் பெர்ஹாட்டுக்குள் உட்கார்ந்திருப்பது இந்த ஹாட்தான். கடை மூழ்கினால் பங்குதாரர் போட்ட முதலோடு போகும், அவர் வீட்டுக் கட்டில் வரை வராது என்கிற எல்லை அது. கூட்டரசு நெடுஞ்சாலையில் ‘ஹாட் லாஜு’ என்று வேகத்துக்குப் போட்டிருப்பதும் அதே. அந்த எல்லையை எத்தனை பேர் மதிக்கிறார்கள் என்பதைப் போக்குவரத்துப் போலீஸிடம் கேளுங்கள்.

? ‘டெஃபினிட்லி வர்றேன்’ என்று சொன்னவர் வருவாரா? — வாசகர், செந்தூல்

மணி சொன்னாரா? சொல்லியிருந்தால் வருவார்.

? ஆங்கிலேயர் ‘டெஃபினிட்லி’ என்கிற இடத்தில் நாம் ‘கன்ஃபம்’ என்கிறோம். இரண்டும் ஒன்றா? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

அவர்கள் ஊரில் கன்ஃபம் என்பது வினைச்சொல். ஒருவர் இன்னொன்றை உறுதி செய்யவேண்டும். ஹோட்டல்காரர் அறையை கன்ஃபம் செய்வார், டாக்டர் நோயை கன்ஃபம் செய்வார். செய்தவரிடம் போய்ச் சண்டை போடலாம். நம் ஊரில் அந்த ஆளைக் கழற்றி விட்டுவிட்டோம். ‘கன்ஃபம் மழை.’ யார் உறுதி செய்தது? மேகமா? ‘கன்ஃபம் ஜாம்.’ ‘கன்ஃபம் அவன் வரமாட்டான்.’ ஆளும் இல்லை, ஆதாரமும் இல்லை. சொல்கிறவரின் குரல் மட்டும் இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த மூன்றாவது வகைக் கன்ஃபம் பெரும்பாலும் பலித்துவிடுகிறது.

பக்கத்துச் சிங்கப்பூரில் ஒரு படி மேலே போய் ‘கன்ஃபம் பிளஸ் சாப்’ என்பார்கள். சாப் என்பது முத்திரை. இந்தியில் ‘சாப்’, மலாயில் ‘சாப்’, பழைய தமிழில் ‘சாப்பா’. கன்ஃபமுக்கு மேலே முத்திரையும் குத்தவேண்டியிருக்கிறது என்றால் வெறும் கன்ஃபமை அங்கேயும் யாரும் நம்பவில்லை என்று தெரிகிறது.

? மூன்று வருடமாகப் பழகுகிறோம். கல்யாணப் பேச்சை எடுத்தால் ‘டெஃபினிட்லி மா’ என்கிறார். எப்போது என்றால் பேச்சை மாற்றுகிறார். என்ன செய்யட்டும்? — பெயர் வேண்டாம், காப்பார்

உங்களுக்கு முன்னால் ஒரு பெரிய வரிசையே நிற்கிறது தங்கச்சி. சங்க அகப்பாடல்களை எடுத்துப் பாருங்கள். தலைவன் பகலில் தினைப்புனத்துக்கு வருவான், இரவில் வீட்டுப் பக்கம் வருவான், மழையிலும் வருவான், புலி நடமாடுகிற மலைவழியிலும் வருவான். அன்புக்குக் குறைவே கிடையாது. பெண் கேட்டு மட்டும் வரமாட்டான். அப்போதுதான் தோழி களத்தில் இறங்குவாள். ஊர் பேசுகிறது, தாய்க்குச் சந்தேகம் வந்துவிட்டது, இனி இவளை வெளியே விடமாட்டார்கள், நீ வருகிற வழி ஆபத்தானது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டு அவனை ஒரு மூலைக்குத் தள்ளுவாள். இதற்கு இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் ‘வரைவு கடாதல்’. வரைவு என்றால் திருமணம். மேலே கிள்ளான் வாசகிக்குச் சொன்ன அதே ‘வரை’தான். காதலுக்கு எல்லை போட்டால் கல்யாணம் என்று அந்தக் காலத்திலேயே முடிவு கட்டியிருக்கிறார்கள்.

நம் வீடுகளிலும் பாருங்கள். ‘நிச்சயம் ஆயிடுச்சா?’ என்று அத்தை கேட்டால் உங்கள் மன உறுதியை விசாரிக்கிறார் என்று அர்த்தமில்லை. தட்டு மாற்றியாகிவிட்டதா என்று கேட்கிறார்.

வாய் நீளமுள்ள தோழி ஒருத்தியை அனுப்பி வையுங்கள். அவள் ‘எந்த மாசம்?’ என்று மட்டும் கேட்கட்டும். பதிலில் ஒரு மாதத்தின் பெயர் வந்தால் மண்டபம் பாருங்கள். மறுபடியும் ‘டெஃபினிட்லி’ என்றே வந்தால் மாப்பிள்ளை பாருங்கள்.

? ‘கண்டிப்பா வர்றேன்’ என்கிறோம். ‘கண்டிப்பான ஆசிரியர்’ என்றும் சொல்கிறோம். இரண்டு கண்டிப்பும் ஒன்றா? — மாணவி, ஷா ஆலம்

ஒரே கண்டிப்புதான். சிலர் கண்டிப்பாக வருவார்கள், சிலர் கண்டித்தால் வருவார்கள்.

? படிவம் ஐந்தில் படிக்கிறேன். கணக்கில் டெஃபினிட் இன்டெக்ரல், இன்டெஃபினிட் இன்டெக்ரல் என்று இரண்டு வருகிறது. பெயர்க் காரணம் என்ன? — மாணவர், பூச்சோங்

உன் மலாய்ப் பாடப்புத்தகமே சொல்லிவிட்டது தம்பி: ‘கமிரான் தெந்து’, ‘கமிரான் தக் தெந்து’. தெந்து என்றால் நிச்சயமானது.

2எக்ஸ் என்பதைத் தொகையிடு என்றால் எக்ஸ் வர்க்கம் வரும். எங்கிருந்து எதுவரை என்று யாரும் சொல்லவில்லை, அதனால் பின்னால் ‘கூட்டல் சி’ என்று ஒரு வாலைக் கட்டிவிடவேண்டும். அந்த சி எந்த எண்ணாகவும் இருக்கலாம். அதையே 1 முதல் 3 வரை என்று கேட்டால்? 3-இன் வர்க்கம் 9, 1-இன் வர்க்கம் 1, கழித்தால் 8. வாலும் இல்லை, வாதமும் இல்லை. கீழே ஒரு எண், மேலே ஒரு எண், இரண்டு வேலிக்குள் பரப்பளவு பிடிபட்டுவிட்டது. டெஃபினிட் என்ற சொல் அதன் பழைய லத்தீன் பொருளில் இன்னும் நேர்மையாக வேலை செய்வது கணக்குப் பாடத்தில்தான்.

அந்த சி யார் என்று உனக்குப் பெரியவனானதும் புரியும். தேர்தல் வாக்குறுதியின் கடைசியில் ‘நிலைமையைப் பொறுத்து’ என்று வருமே, அவர்தான். தேர்வில் மட்டும் அவரை எழுத மறந்துவிடாதே, மதிப்பெண் போய்விடும்.

? ஆங்கிலத்தில் ‘தி’ என்ற டெஃபினிட் ஆர்ட்டிகிள் இருக்கிறது. இவ்வளவு பழமையான தமிழில் ஏன் இல்லை? — ஆசிரியை, கோலாலம்பூர்

இல்லாதது குறையும் அல்ல, நாம் மட்டும் தனியாகவும் இல்லை. லத்தீனில் கிடையாது, ரஷ்ய மொழியில் கிடையாது, மலாயில் கிடையாது. தேவைப்பட்டால் ‘இத்து’ என்று கையைக் காட்டுவார்கள். ஆங்கிலத்தின் ‘தி’யே ஒரு காலத்தில் ‘அந்த’ என்று சுட்டிக் காட்டிக்கொண்டிருந்த சொல்தான். தேய்ந்து தேய்ந்து இப்போது ஆங்கிலத்தில் வேறெந்தச் சொல்லையும்விட அதிகமாகப் புழங்குகிறது.

நம்மிடம் அந்த வேலையைச் செய்கிறவர் வேறொருவர். பெயர்ச்சொல்லின் முன்னால் வராமல் பின்னால் ஒட்டிக்கொள்வார்: இரண்டாம் வேற்றுமை உருபு ‘ஐ’. மாமாக் கடையில் நண்பனிடம் ‘ரொட்டி சாப்பிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘ஓ, அப்படியா’ என்பான். ‘ரொட்டியைச் சாப்பிட்டேன்’ என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். எந்த ரொட்டியை? என் தட்டில் இருந்ததையா? ஒரே ஒரு ‘ஐ’, கைகழுவப் போனவன் ஓடி வந்துவிடுவான்.

இன்னொன்று. ‘பெண் பார்க்கப் போனோம்’ என்றால் பஜ்ஜி, கேசரி, பாட்டு. எந்தப் பெண் என்பது அங்கே முக்கியமில்லை. போகிற வேலைக்குப் பெயரே அதுதான். ‘பெண்ணைப் பார்க்கப் போனோம்’ என்றால் ஏற்கெனவே தெரிந்த ஒருத்தி, ஆஸ்பத்திரியிலோ ஹாஸ்டலிலோ இருக்கிறாள். ‘வீடு பார்க்கிறோம்’ என்பவர் வாடகைக்கு அலைகிறார். ‘வீட்டைப் பார்க்கிறோம்’ என்பவர் ஏஜெண்டோடு வாசலிலேயே நிற்கிறார்.

இவ்வளவு நுட்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் ‘தி’ வந்த இடமெல்லாம் ‘அந்த’, ‘எ’ வந்த இடமெல்லாம் ‘ஒரு’ என்று போட்டு எழுதுகிறார்கள். ‘அவர் ஒரு டாக்டர்.’ ஏன், இன்னொரு டாக்டராகவும் இருக்கிறாரா? ‘அவர் டாக்டர்’ போதும். மாணவர் கட்டுரைகளைத் திருத்தும்போது இந்த ‘ஒரு’க்களைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள், பக்கத்துக்கு நாலு வரி மிச்சமாகும்.

? ஆற்றுக்கு ‘தி கிள்ளான் ரிவர்’, ஊருக்கு வெறும் ‘கிள்ளான்’. ஏன் இந்தப் பாரபட்சம்? — வாசகர், பெட்டாலிங் ஜெயா

ஆறு, கடல், மலைத்தொடர் என்றால் ‘தி’ உண்டு, ஊருக்குப் பொதுவாகக் கிடையாது என்பது ஆங்கிலேயர் வழக்கம். வழக்கத்துக்குக் காரணம் கேட்டால் நாம் ஏன் ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கறி சமைக்கிறோம் என்று அவர்கள் கேட்பார்கள். நெதர்லாந்தில் ஹேக் நகரம் மட்டும் ‘தி ஹேக்’ என்று ‘தி’யைக் கட்டிக்கொண்டு திரிகிறது.

இப்போதெல்லாம் நம் பக்கம் இலக்கணத்தைவிட விலை நிர்ணயத்துக்குத்தான் ‘தி’ பயன்படுகிறது. ‘தி கர்வ்’, ‘தி கார்டன்ஸ்’ என்று பேரங்காடிகள். அடுக்குமாடிக்கு ‘தி’ போட்டால் கூடவே சதுர அடி விலையும் ஏறிவிடும்போல. தோட்டப்புறத்தில் பிறந்து வளர்ந்த நம் அப்பா அம்மாவுக்கு இந்தத் ‘தி’ தேவைப்பட்டதே இல்லை. ‘தோட்டத்துல வளர்ந்தேன்’ என்றால் ரப்பர்த் தோட்டம் என்று எல்லாருக்கும் தெரியும். ‘தி கார்டன்ஸுக்குப் போறோம்’ என்று பேரன் சொன்னால், பால்மரம் எங்கே என்று தாத்தா தேடத்தான் செய்வார்.

? நான் பந்திங்கில் இருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கு வாசகர்களுக்குப் போட்டி என்று விளம்பரம் போடுகிறீர்களே, நானும் அதில் சேர்த்தியா? கிள்ளான் பள்ளத்தாக்குக்கு டெஃபினிட் எல்லை உண்டா? — வாசகி, பந்திங்

இந்த வாரத்தின் அருமையான கேள்வி. கிள்ளான் மாவட்டத்துக்கு எல்லை உண்டு, கிள்ளான் ஆற்றுக்குக் கரை உண்டு. கிள்ளான் பள்ளத்தாக்கு என்பது ஆட்சிப் பிரிவு அல்ல. அதற்கு மந்திரி பெசார் கிடையாது, மாநகர் மன்றம் கிடையாது. கோலாலம்பூரோடு சிலாங்கூரின் பெட்டாலிங், கிள்ளான், கோம்பாக், உலு லங்காட் ஆகிய 4 மாவட்டங்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். புத்ராஜெயாவைச் சேர்ப்பவர்களும் உண்டு. இந்தக் கணக்கில் ரவாங் உள்ளே வந்துவிடும், அது கோம்பாக் மாவட்டம். நீங்கள் கோல லங்காட் மாவட்டம்; வெளியே. உங்கள் ஆறும் வேறு, லங்காட் ஆறு. ஆனால் வீடு விற்கிற விளம்பரங்களைப் பார்த்தால் பள்ளத்தாக்கு வருடா வருடம் அகலமாகிக்கொண்டே போகிறது.

கோலாலம்பூர் விஷயம் அப்படி இல்லை. 1974 பிப்ரவரி 1 அன்று சிலாங்கூரிலிருந்து பிரித்துக் கூட்டரசுப் பிரதேசம் ஆக்கினார்கள். அன்று முதல் அதற்குக் கோடு கிழித்த எல்லை. கூட்டரசு நெடுஞ்சாலையில் தலைக்கு மேலே வருகிறதே கோத்தா டாருல் ஏசான் வளைவு, அது சிலாங்கூர் தன் தலைநகரை விட்டுக்கொடுத்த இடத்தில் நிற்கிறது. டெஃபினிட் என்ற சொல்லைப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் இல்லை. காருக்கு முன்பாதி கூட்டரசுப் பிரதேசம், பின்பாதி சிலாங்கூர், நடுவில் நெரிசல்.

பிரிக்பீல்ட்ஸில் நிற்கிற தோரண வாயிலைப் பார்த்து இதுவும் எல்லை வளைவு என்று எண்ணிவிடாதீர்கள். அது இந்தியா கொடுத்த பரிசு, 2015-இல் திறந்தார்கள்.

போட்டிக்கு நீங்கள் எழுதி அனுப்புங்கள். நம் பள்ளத்தாக்கில் பந்திங் உண்டு.

? டெஃபினிட், டெஃபினிட்டிவ் — இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? — வாசகர், காஜாங்

முதலாவது தெளிவானது, இரண்டாவது முடிவானது. ‘டெஃபினிட் பதில்’ தப்பாகக்கூட இருக்கலாம், ஆனால் மழுப்பல் இருக்காது. ‘டெஃபினிட்டிவ் பதில்’ என்றால் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

தபால்தலை சேர்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். விழாவுக்கும் தலைவருக்கும் வெளியிட்டு உடனே தீர்ந்துபோவது ஒரு வகை. ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப அச்சடித்துத் தினமும் கவுண்டரில் கிழித்துக் கொடுப்பது இன்னொரு வகை. அதற்குத்தான் டெஃபினிட்டிவ் என்று பெயர். மலேசியாவில் 1965-இல் ஆர்க்கிட் பூக்கள் வந்தன, 1971-இல் வண்ணத்துப்பூச்சிகள். எல்லா மாநிலத்துக்கும் அதே பூச்சி; ஓரத்தில் ஆட்சியாளர் உருவமோ மாநிலச் சின்னமோ மட்டும் மாறும். பிறகு 1979-இல் பலவகைப் பூக்கள், 1986-இல் பழங்கள். இருபத்தொரு வருடத்தில் நான்கு முடிவானவை! இருந்தாலும் அந்த வண்ணத்துப்பூச்சிகளை யாராவது ஆல்பத்தில் வைத்திருந்தால் பேரப்பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

? தலைவர்கள் பேட்டியில் ‘குறிப்பிட்ட சில தரப்பினர்’ என்கிறார்கள். யார் அவர்கள்? — வாசகர், ரவாங்

குறிப்பிடமாட்டார்கள். அதனால்தான் குறிப்பிட்ட தரப்பினர். மலாயில் ‘பிஹாக் தெர்தெந்து’ என்று இதே சரக்கு ஓடுகிறது. தெந்து என்றால் நிச்சயம் என்று பூச்சோங் தம்பிக்குச் சொன்னேனே, முன்னால் ஒரு ‘தெர்’ சேர்ந்ததும் அது முகமூடி போட்டுக்கொண்டுவிடும். ஆங்கிலத்திலும் ‘சர்ட்டன்’ என்ற சொல்லுக்கு இதே இரட்டை வேடம். ‘ஐ ஆம் சர்ட்டன்’ என்றால் எனக்கு நன்றாகத் தெரியும். ‘சர்ட்டன் பீப்பிள்’ என்றால் எனக்குத் தெரியும், உனக்குச் சொல்லமாட்டேன். மூன்று மொழியிலும் உள்ளவர்கள் மானநஷ்ட வழக்குக்குப் பயந்திருக்கிறார்கள்.

? பூக்கடை வைத்திருக்கிறேன். பெரும்பாலும் வாய்ப்பேச்சில்தான் ஆர்டர் எடுக்கிறேன். சட்டத்தின் கண்ணில் எவ்வளவு டெஃபினிட்டாக இருக்கவேண்டும்? — வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

நம் 1950-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. பொருள் நிச்சயமில்லாமலும், நிச்சயப்படுத்த வழியில்லாமலும் இருக்கிற உடன்பாடு செல்லாது. இந்தியாவின் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 29-ஆவது பிரிவாக இருந்து நமக்கு வந்தது. சட்டம் தரும் உதாரணமே அழகு. ஒருவர் இன்னொருவருக்கு நூறு டன் எண்ணெய் விற்பதாகச் சொல்கிறார். என்ன எண்ணெய்? தெரியாது. ஒப்பந்தம் செல்லாது. அதே நூறு டன், ஆனால் விற்பவர் தேங்காய் எண்ணெய் மட்டும் வியாபாரம் செய்கிறவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது செல்லும். அவர் கடை என்ன கடை என்பதே எல்லையைப் போட்டுவிடுகிறது.

உங்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. மல்லிகை மட்டும் விற்கிறவரிடம் ‘ஐம்பது முழம்’ என்றால் பேச்சு முடிந்தது. நீங்கள் மல்லிகையும் விற்கிறீர்கள், கனகாம்பரமும் விற்கிறீர்கள். ‘ஐம்பது முழம்’ என்று போனில் கேட்டால் என்ன பூ, எந்தத் தேதி, காலை எத்தனை மணி, முழத்துக்கு எத்தனை வெள்ளி என்று அப்போதே எழுதி அவருக்கே அனுப்பிவிடுங்கள். முழம் யாருடைய கை என்பதையும் பேசிக்கொள்ளுங்கள். இந்தச் சட்டம் எழுதியவர்களுக்கு அந்த வழக்கு வந்திருக்காது.

? ‘இன்டெஃபினிட்’ என்பதற்குக் ‘காலவரையற்ற’ என்று பத்திரிகைகள் எழுதுகின்றன. வேலைநிறுத்தம் தவிர வேறு எதற்குப் பொருந்தும்? — வாசகர், போர்ட் கிள்ளான்

நம் நாட்டில் அதற்கு ஒரு கசப்பான உதாரணம் உண்டு. 1960-ஆம் ஆண்டின் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமாக இசா. விசாரணை இல்லாமல் ஒருவரை 2 ஆண்டுகள் வரை அடைத்துவைக்க உள்துறை அமைச்சர் கையெழுத்துப் போடலாம். 2 ஆண்டு! எவ்வளவு டெஃபினிட்டான எண்! முடிந்ததும் இன்னொரு 2 ஆண்டு போடலாம், பிறகு இன்னொன்று. எத்தனை முறை என்பதற்கு எல்லை இல்லை. எல்லையுள்ள துண்டுகளை ஒட்டி எல்லையில்லாத சிறை செய்கிற வித்தை அது.

2007 நவம்பர் 25 அன்று கோலாலம்பூர் வீதிகளில் நடந்த ஹிண்ட்ராஃப் பேரணி நினைவிருக்கும். அடுத்த மாதமே அதன் தலைவர்கள் ஐந்து பேரை இந்தச் சட்டத்தில் கமுந்திங் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். 2009 மே மாதத்தில்தான் கடைசி ஆள் வெளியே வந்தார். அதுவரை அந்த வீடுகளில் ‘எப்போது வருவார்?’ என்ற கேள்விக்கு யாரிடமும் தேதி இல்லை. 2012-இல் இசா போயிற்று. வேறு பெயரில் வேறு சட்டம் வந்தது. காலவரையற்ற என்ற சொல்லை வேலைநிறுத்தத்துக்கு எழுதும்போது கை ஓடுகிறது. இதற்கு எழுதும்போது கொஞ்சம் நிற்கிறது.

? நாட்காட்டியில் ஹரிராயா தேதி அச்சடித்திருந்தும் கடைசிவரை ‘கன்ஃபம் இல்லை’ என்கிறார்களே? — வாசகி, பண்டமாரான்

பிறை பார்த்துத்தான் சொல்வார்கள். நோன்பின் 29-ஆம் நாள் மாலை, ஆட்சியாளர்களின் முத்திரைக் காப்பாளர் தொலைக்காட்சியில் வந்து அறிவிப்பார். அதுவரை நாட்காட்டியில் இருப்பது கணிப்பு. 2022-இல் நாட்காட்டியை நம்பி மே 3 என்று இருந்தவர்களுக்கு மே 1 மாலை திடீரென்று ‘நாளைக்குப் பெருநாள்’ என்றார்கள். அன்று இரவு ரெண்டாங் கிண்டாத வீடு எது!

கேலிக்கு இதில் இடமில்லை. யார் சொல்வார், எந்த நாள் மாலையில் சொல்வார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்கிறது. தேதி நிச்சயமில்லை, தேதி தெரியவரும் நேரம் நிச்சயம். இதற்கு நேர்மாறாக, நமக்குப் பொது விடுமுறை கிடைத்த கதையைப் பாருங்கள். பத்துமலையில் ஆண்டாண்டு காலமாகத் தைப்பூசம் நடக்கிறது, தேதியும் பஞ்சாங்கத்தில் தெளிவாக இருக்கிறது. பக்கத்திலிருக்கும் கோலாலம்பூருக்கு விடுமுறை 2008-இல்தான் வந்தது.

? பத்துமலைக்கு டெஃபினிட்டாக எத்தனை படி? — வாசகர், பத்துமலை

பக்கத்திலேயே இருந்துகொண்டு என்னைக் கேட்கிறீர்கள். 272. ஏறிக்கொண்டிருப்பவரைக் கேட்டால் ஆயிரம் என்பார்.

? ஆங்கிலத்தில் ‘டெஃபினிட்லி’ எழுதும்போது எழுத்து தடுமாறுகிறது. வழி உண்டா? — வாசகி, சுபாங்

ஆங்கிலேயரே அதிகம் தப்பு விடுகிற சொற்களில் ஒன்று, தைரியமாக இருங்கள். நடுவில் ‘ஏ’ போட்டுவிடுகிறார்கள். சொல்லுக்குள் ‘ஃபைனைட்’ என்ற சொல் முழுசாக இருக்கிறது, எல்லையுள்ளது என்று பொருள். அதை நினைத்துக்கொண்டால் ‘ஐ’ தானாக வந்து விழும். ரொம்பத் தப்பாக அடித்தால் கைப்பேசி திருத்துகிறேன் என்று ‘டிஃபையண்ட்லி’ ஆக்கிவிடும். ‘உங்கள் மகள் திருமணத்துக்கு எதிர்ப்புத் தெரிவித்தபடி வருவேன்’ என்று சம்பந்தி வீட்டுக்குப் போய்ச் சேரும்.

? ‘நூறு சதவிகிதம் நிச்சயம்’ என்பவரை நம்பலாமா? ‘இருநூறு சதவிகிதம்’ என்பவரை? — வாசகர், மேரு

முதலாமவரை விசாரித்துவிட்டு நம்பலாம். இரண்டாமவருக்குக் கடன் கொடுக்காதீர்கள்.

? மகன் கல்யாணத்துக்கு 800 பேருக்கு அழைப்பு. சமையல்காரர் ‘டெஃபினிட் நம்பர்’ கேட்கிறார். யாரைக் கேட்டாலும் ‘வந்துடுவோம்’ என்கிறார்கள். — வாசகர், கிள்ளான்

தமிழர் கல்யாணத்தில் வருகிறவர் எண்ணிக்கையை எந்த மொழியாலும் வரையறுக்க முடியாது. ‘வர்றீங்களா?’ என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்வது நமக்கு மரியாதைக் குறைவு. அதனால் எல்லாரும் வருவார்கள். கேள்வியை மாற்றுங்கள். ‘எத்தனை பேர் வர்றீங்க? எதில வர்றீங்க? காரில இடம் இருந்தா பெரியம்மாவையும் ஏத்திக்கிட்டு வர்றீங்களா?’ என்று கேளுங்கள். வருகிறவர் உடனே பெரியம்மாவை எங்கே ஏற்றுவது என்று பேச ஆரம்பித்துவிடுவார். வராதவருக்கு அன்றைக்கென்று சிரம்பானில் ஒரு துக்கம் முளைக்கும். முதல் வகையை எண்ணுங்கள். அதற்கு மேல் சோற்றைக் கொஞ்சம் கூட்டிப் போடச் சொல்லுங்கள், பந்தியில் ரசம் தண்ணியானால் யாரும் மன்னிப்பார்கள், சோறு இல்லையென்றால் பேரன் கல்யாணம் வரை பேசுவார்கள்.

? வீட்டுக்காரர் எப்போது போன் செய்தாலும் ‘ஆன் தி வே’ என்கிறார். ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருகிறார். — இல்லத்தரசி, பிரிக்பீல்ட்ஸ்

அந்தச் சொற்றொடருக்குள் ஒரு ‘தி’ இருப்பதைக் கவனித்தீர்களா? டெஃபினிட் ஆர்ட்டிகிள்! எந்த வே என்று கேளுங்கள். ஆபீஸ் நாற்காலியிலிருந்து லிஃப்டுக்குப் போகிற வேயா, லிஃப்டிலிருந்து தே தாரிக் கடைக்குப் போகிற வேயா? இலக்கண விளக்கம் பலிக்கவில்லை என்றால் லைவ் லொகேஷன் அனுப்பச் சொல்லுங்கள். சண்டை வந்தால் என் பெயரை இழுக்காதீர்கள், ‘குறிப்பிட்ட சிலர் சொன்னார்கள்’ என்று சொல்லிவிடுங்கள்.